டார்பிஷயர் கப்பலும் மாலுமிகளின் மானமும்

கப்பல் விபத்து என்றவுடன் பெரும்பாலோர் நாவில் முதலில் வரும் பெயர் டைட்டானிக். 1912-ஆம் ஆண்டில் பனிப்பாறையில் மோதி மூழ்கிய அக்கப்பலைப் பற்றி எழுந்த நூல்கள் பல; திரைப்படங்களும் பல. அதன் மொத்தக் கொள்ளளவு 46,328 டன். அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பெரிய கப்பல் ஒன்று 1980-ஆம் ஆண்டில் பசிபிக் மாக்கடலில் மறைந்தது. அபயக்குரல் ஒன்றும் எழவில்லை. அதில் இருந்த 44 பேரில் ஒருவரும் மீளவில்லை. டார்பிஷயர் என்னும் அக்கப்பலின் பெயரைக் கேள்விப்பட்டோர் நம்மிடையே மிகச் சிலரே. செல்வர்களையும் சீமாட்டிகளையும் ஏற்றிச் சென்ற கப்பலுக்குக் கிடைத்த புகழ், இரும்புத் தாதுவை ஏற்றிச் சென்ற கப்பலுக்குக் கிடைக்கவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், கடலில் உழைப்போர் நிலையைக் கருதுபவர்களுக்கு டைட்டானிக்கைவிட டார்பிஷயரே மிகுதியாகக் கற்பிக்கும். ஏனெனில், இக்கப்பலின் வரலாறு அது மூழ்கியதோடு முடியவில்லை. மூழ்கிய மாலுமிகளின் மீது பழி விழுந்தது; அப்பழியைத் துடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்றங்கரையில் உள்ள சுவான் ஹன்டர் கப்பல் கட்டுந்துறையில் 1976-இல் இக்கப்பல் கட்டி முடிக்கப்பட்டது. லிவர்ப்பூல் நகரின் பழம்பெரும் கப்பல் நிறுவனமான பிபி நிறுவனத்துக்கு உரியது. முதலில் 'லிவர்ப்பூல் பிரிட்ஜ்' என்றே பெயர் பெற்றிருந்தது. 1978-இல் 'டார்பிஷயர்' ஆயிற்று. நீளம் 294 மீட்டர். கால்பந்துத் திடல்கள் மூன்றை வரிசையாகக் கிடத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். கொள்ளளவு 91,655 டன். எண்ணெயையும் ஏற்றலாம், தாதுப்பொருளையும் ஏற்றலாம் என்னும் இரட்டைப் பயன் கருதி அமைக்கப்பட்ட ஆறு உடன்பிறப்புக் கப்பல்களில் இது கடைசியாகப் பிறந்தது. ஒன்பது சரக்கறைகள், ஒவ்வொன்றுக்கும் எஃகு மூடி. மாலுமிகளின் வசிப்பறைகளும், சுக்கான் அறையும், இயந்திரக் கூடமும் கப்பலின் பின்பகுதியில் ஒன்றாக அமைந்திருந்தன. தமிழில் கப்பலின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் கூறுவர். அமரத்தில் நின்று நோக்குபவனுக்கு அணியம் கால் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது என்பதை மட்டும் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவை பலவற்றுக்கும் இத்தொலைவே விளக்கம் தரும்.

அக்காலத்துக் கப்பல்களில் உழைத்து ஓய்வு பெற்ற மாலுமிகள் கூடிப் பேசும்போது, பேச்சு பெரும்பாலும் இரண்டு உலகங்களைப் பற்றியதாகவே இருக்கும். ஒன்று, பொதுச் சரக்குக் கப்பல்களின் உலகம். அவை ஒரு துறைமுகத்தில் நின்றால் பத்து நாள், பதினைந்து நாள் நிற்கும். மூட்டைகளும் பெட்டிகளும் தூக்கிகளால் ஏறி இறங்கும். மாலுமி கரைக்குச் சென்று ஊர் பார்ப்பான். சிங்கப்பூரின் தெருக்களையும் பினாங்கின் காப்பிக்கடைகளையும் அறிந்திருப்பான். மற்றொன்று, 1960-களின் பிற்பகுதியிலிருந்து பெருகிய பெருங்கப்பல்களின் உலகம். தாதுத் துறைமுகங்கள் ஊருக்கு வெளியே, ஆளரவமற்ற கரைகளில் அமைந்தவை. இயந்திரப் பட்டைகள் தாதுவை அருவிபோல் கொட்டும். ஓரிரு நாள்களில் கப்பல் நிறைந்துவிடும். பிறகு ஆறு வாரம், ஏழு வாரம் கடல்தான். துருவைத் தட்டிப் பெயர்த்தல், வண்ணம் பூசுதல், கம்பிவடங்களுக்கு மசகிடுதல், சரக்கறையைக் கழுவுதல், நான்கு மணி நேரம் காவல் எட்டு மணி நேரம் ஓய்வு என்று நாள்கள் ஒன்றுபோல் கழியும். அந்தத் தனிமையை ஓரளவு போக்கவே, அதிகாரிகள் முதலானோர் தம் மனைவியரைப் பயணத்தில் உடன் அழைத்துச் செல்லும் வழக்கத்துக்குக் கப்பல் நிறுவனங்கள் இடமளித்தன. டார்பிஷயரில் மாண்ட 44 பேரில் இருவர் அவ்வாறு கணவருடன் சென்ற பெண்கள்.

1980-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், கனடாவின் கியூபெக் மாநிலத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட இரும்புத் தாதுவுடன் கப்பல் புறப்பட்டது. சேர வேண்டிய இடம் ஜப்பானின் கவாசாகி. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்துமாக்கடலைக் கடந்து, செப்டம்பர்த் தொடக்கத்தில் ஜப்பானின் தென்கடலை அணுகியது. அங்கே ஆர்க்கிட் என்னும் மலர்ப்பெயர் பூண்ட சூறாவளி அதன் வழியில் குறுக்கிட்டது. செப்டம்பர் 9-ஆம் நாள் கப்பலிலிருந்து வந்த செய்தி, புயலின் கடுமையால் முன்னேறாமல் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்பதாகவும், 14-ஆம் நாள் கவாசாகியை அடையலாம் என நம்புவதாகவும் தெரிவித்தது. அதன்பின் செய்தி இல்லை. 14-ஆம் நாளும் வந்தது, கப்பல் வரவில்லை. அதன் பிறகே தேடுதல் தொடங்கியது. கடலடியிலிருந்து எண்ணெய் கசிந்து மேலெழுவதைத் தேடியவர்கள் கண்டனர். சில வாரங்கள் கழித்து ஜப்பானியக் கப்பல் ஒன்று டார்பிஷயரின் பெயர் தாங்கிய உயிர்காப்புப் படகைக் கண்டது. படகில் ஆள் இல்லை. மாலுமிகள் ஏறி இறக்கிய படகன்று அது. கப்பல் மூழ்கியபோது தானே பிய்த்துக்கொண்டு மிதந்தது.

நான்கு ஆண்டுகளே கடந்த புதுக் கப்பல். பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் மாலுமிகள். உலகிலேயே உயர்ந்தவை எனப் போற்றப்பட்ட தர விதிகள். இத்தகைய கப்பல் ஒரு சொல்லும் சொல்ல நேரமின்றி எவ்வாறு மூழ்கியது? பிரிட்டனின் கொடி தாங்கிக் கடலில் இழக்கப்பட்ட கப்பல்களில் இதுவே மிகப் பெரியது. ஆயினும் அரசு உடனே முறையான விசாரணை நடத்தவில்லை. பிழைத்தவர் இல்லை, கப்பலின் சிதைவு இல்லை, சான்று இல்லை. சான்றில்லாதபோது விசாரணை எதற்கு என்பது அரசுத் தரப்பின் நியாயம். மேலோட்டமாகக் கேட்டால் பொருத்தமாகத் தோன்றும் நியாயந்தான். ஆனால் இதன் உட்பொருள் யாது? எவ்வளவு முற்றாக ஒரு கப்பல் அழிகிறதோ அவ்வளவுக்கு அதைப் பற்றிய கேள்வியும் அழிந்துவிடும் என்பதே. ஒரு மாலுமியாவது தப்பியிருந்தால் விசாரணை நடந்திருக்கும். எல்லாரும் இறந்ததால் நடக்கவில்லை.

லிவர்ப்பூலிலும் பிற ஊர்களிலும் இருந்த தாய்மார்களும், மனைவியரும், உடன்பிறந்தோரும் இந்த நியாயத்தை ஏற்கவில்லை. டார்பிஷயர் குடும்பங்களின் சங்கம் ஒன்றை அமைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் உழைப்பாளர் குடும்பத்தினர். கப்பற் பொறியியல் பயின்றவர் அல்லர். ஆயினும் வரைபடங்களைப் பார்க்கக் கற்றனர். வல்லுநர்களைத் தேடிச் சென்றனர். நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தனர். அவர்களுடைய ஐயத்துக்கு உடன்பிறப்புக் கப்பல்களே தூண்டுகோலாயின. 1982-இல் டைன் பிரிட்ஜ் என்னும் உடன்பிறப்புக் கப்பலின் மேல்தளத்தில், வட கடலில் செல்கையில், பெரும் பிளவு கண்டது. 1986 நவம்பரில் கவுலூன் பிரிட்ஜ் என்னும் மற்றோர் உடன்பிறப்பு, இரும்புத் தாதுவுடன் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து, தளத்தில் பிளவுகளோடு அயர்லாந்தின் விரிகுடா ஒன்றில் ஒதுங்கியது. மீண்டும் கடலுக்குச் சென்றபோது சுக்கான் இழந்து, தென்மேற்கு அயர்லாந்துக் கரையோரப் பாறைகளில் சிக்கி உடைந்தது. அதன் மாலுமிகள் காப்பாற்றப்பட்டனர். இரு கப்பல்களிலும் பிளவு தோன்றிய இடம் ஒன்றே. வசிப்பறைகளுக்குச் சற்று முன்னால், 65-ஆம் சட்டம் என்று கட்டுநர்கள் எண்ணிட்டிருந்த பகுதியே அது. டார்பிஷயரும் அவ்விடத்தில் முறிந்துதான் மூழ்கியிருக்க வேண்டும் என்று குடும்பத்தினர் உறுதியாக நம்பினர்.

கவுலூன் பிரிட்ஜ் உடைந்த பின் அரசால் வாளாவிருக்க இயலவில்லை. 1987-இல் முறையான விசாரணை தொடங்கியது. 1989-இல் வெளிவந்த அறிக்கையோ, கப்பல் இயற்கையின் ஆற்றலால் வெல்லப்பட்டிருக்கலாம் என்று கூறி அமைந்தது. கடலில் இறந்தவனைக் கடல் கொன்றது என்று கூறுவதற்கு ஒரு நீதிமன்றம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். குடும்பத்தினர் அதையே கேட்டனர்.

கடலடியில் கிடக்கும் கப்பலைக் கண்டாலன்றி வழி பிறக்காது என்பது தெளிவாயிற்று. அதற்கு வேண்டிய பொருளை அரசு தரவில்லை. பல நாட்டு மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் உறுப்பினராக உள்ள பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு தந்தது. உழைப்பவர் சேர்த்த பணத்தில், 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேடுகப்பல் சென்றது. ஒலியலைக் கருவிகளைக் கடலுக்குள் இறக்கித் தேடத் தொடங்கி ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சிதைவு அகப்பட்டது. எங்கே எண்ணெய் மேலெழுந்ததோ அங்கேதான், ஏறத்தாழ 4,200 மீட்டர் ஆழத்தில் அது கிடந்தது. பதினான்கு ஆண்டுகளாக இல்லை எனப்பட்ட சான்று, தேடத் தொடங்கிய ஒரு நாளில் கிட்டியது. இதற்கு மேல் விரிவுரை தேவையில்லை.

அதன்பின் அரசு இசைந்தது. டொனால்ட்சன் பிரபு நிலைமையை ஆராய்ந்து மேலும் ஆய்வு செய்யப் பரிந்துரைத்தார். 1997-இல், அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் மாக்கடல் ஆய்வு நிலையத்தின் ஆளில்லாக் கருவிகள் கடலடிக்கு இறக்கப்பட்டன. ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. கப்பல் முழுமையாகக் கிடக்கவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அணியம் ஓரிடத்திலும், அமரம் அதிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தள்ளியும் கிடந்தன.

இப்படங்கள் உணர்த்திய உண்மை ஒன்று பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்ளத் தக்கது. ஒரு வெற்றுப் புட்டியை இறுக மூடி ஆழ்கடலில் இறக்கினால் நீரின் அழுத்தம் அதனை நொறுக்கிவிடும். அதே புட்டியில் நீரை நிரப்பித் திறந்த வாயோடு இறக்கினால் நொறுங்காது. உள்ளும் புறமும் அழுத்தம் ஒத்திருக்கும். டார்பிஷயரின் நடுப்பகுதி துண்டு துண்டாக நொறுங்கியிருந்தது. ஆகவே அது மூழ்கத் தொடங்கியபோது அங்குள்ள தொட்டிகளிலும் அறைகளிலும் காற்று இருந்தது என்பது பெறப்படும். அணியமோ அவ்வாறு நொறுங்கவில்லை. ஓரளவு முழு உருவத்தோடு இருந்தது. எனவே கப்பல் மூழ்குமுன்பே அணியத்து அறைகளில் நீர் நிறைந்திருந்தது. மரணத்தின் தொடக்கம் முன்முனையில்தான். இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. அந்த நீர் எவ்வழியாகப் புகுந்தது என்பதில்தான் பூசல் எழுந்தது.

அணியத்தில், தளத்துக்குக் கீழே ஒரு பண்டக அறை உண்டு. கட்டுவடங்கள், கம்பிகள், வண்ணப் புட்டிகள், கருவிகள் ஆகியவற்றை அங்கே வைப்பர். போசன் எனப்படும் தள மாலுமிகளின் தலைவருக்கு உரிய அறை அது. (நம் துறைமுகங்களில் முற்காலத்தில் சாரங்கு என்று வழங்கிய பதவிக்கு ஏறத்தாழ இணையானது இப்பதவி.) அவ்வறைக்கு இறங்கும் வாயிலை ஒரு மூடி மூடும், மூடியைச் சுற்றிலும் திருகுப் பிடிகள் இறுக்கும். படங்களில் அவ்வாயிலில் மூடி இல்லை. வடம் ஒன்று வெளியே நீண்டு கிடந்தது. அரசு அமர்த்திய மதிப்பீட்டாளர்கள் 1998 மார்ச்சில் வெளியான அறிக்கையில், மாலுமிகள் அம்மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டதாலேயே நீர் புகுந்து அணியம் நிறைந்தது என்னும் முடிவைக் கூறினர்.

பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த விடை இது. கப்பலைக் கட்டியவர் மீது குறையில்லை. விதி வகுத்தவர் மீது குறையில்லை. ஒரு மூடியைத் திருகாமல் விட்ட மாலுமியால் 44 பேரும் மாண்டனர். கணவனை இழந்தவள் அக்கணவனின் கவனக்குறைவையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் நின்று வாய் திறப்பது உலகியல்பு. இவர்களோ 4,200 மீட்டர் ஆழத்தில் கிடந்தனர்.

கடற்பணி அறிந்தோர் இம்முடிவைக் கேட்டுக் கொதித்ததில் வியப்பில்லை. சூறாவளி வருகிறதென்றால் ஒரு கப்பலில் என்ன நடக்கும் என்பதைத் தம் கைகளால் அறிந்தவர்கள் அவர்கள். காற்று வலுக்கும் முன்பே, கடல் வீங்கத் தொடங்கும்போதே, போசன் தம் ஆள்களுடன் அணியத்துக்குச் செல்வார். நங்கூரச் சங்கிலி இறங்கும் குழாய்வாய்களை அடைப்பர். காற்றுப்போக்கிகளின் மூடிகளைத் திருகி இறக்குவர். தளர்ந்து கிடக்கும் பொருள்களைக் கட்டுவர். கடைசியில் பண்டக அறையின் மூடியைத் தாழ்த்தித் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்குவர். இறுக்கியதைப் போசன் மீண்டும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். இதற்கு ஏட்டுக் கல்வி வேண்டுவதில்லை; தன் உயிர் மேல் உள்ள ஆசை போதும். அந்த வாயில் திறந்திருந்தால் முதலில் நனைந்து பாழாவது போசனின் வடங்களும் கருவிகளுமே. வீட்டுக் கதவைத் தாழிடாமல் உறங்கச் செல்பவனைக் காணலாம். புயலுக்கு முன் முன்னறையை மூடாத போசனைக் காண்பது அரிது. ஜூலை தொடங்கிச் செப்டம்பர் வரை ஓடிவந்த அக்கப்பல் வழியில் கண்ட முதற் கொந்தளிப்பும் ஆர்க்கிட் அன்று.

வடம் வெளியே கிடந்ததே என்றால், அதற்கும் மாலுமிகளிடம் எளிய மறுமொழி உண்டு. அறைக்குள் நீர் நிறைந்தால் உள்ளிருக்கும் வடம் மிதக்கும். மூடி அகன்றால் வெளியே வரும். கப்பல் நான்கு கிலோமீட்டர் கீழே விழுந்து தரையில் மோதிய பின்னர் காணப்படும் கோலத்தைக் கொண்டு, மோதுவதற்கு முன் எவன் எதைச் செய்யாமல் விட்டான் என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? மூடி இல்லை என்பது படம் சொல்லும் செய்தி. மூடியை மாலுமி திறந்துவிட்டான் என்பது படம் சொல்லாத செய்தி. இவ்வேறுபாட்டை மதிப்பீட்டாளர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே கூற வேண்டும்.

அச்சமயம் பிரிட்டனின் துணைப் பிரதமராகவும் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சராகவும் இருந்தவர் ஜான் பிரெஸ்காட். அவர் இளமையில் பயணிகள் கப்பல்களில் பணியாளராக உழைத்தவர். மாலுமிகளின் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். முன்னாள் கடலோடி ஒருவர் அமைச்சராக அமைந்தது நற்பேறே எனலாம். மதிப்பீட்டாளர் அறிக்கை வெளியான அதே ஆண்டின் இறுதியில், விசாரணையை மீண்டும் திறப்பதென முடிவாயிற்று. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டனில் நீதிபதி கோல்மன் முன் அவ்விசாரணை தொடங்கியது. 54 நாள்கள் நடந்தது. நெதர்லாந்தில் மாதிரிக் கப்பல் செய்து அலைத்தொட்டியில் மிதக்கவிட்டு, சூறாவளியின் அலைகள் எவ்வளவு விசையோடு தளத்தில் வீழ்ந்திருக்கும் என்று அளந்தனர். கடலடிப் படங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் நுணுகி ஆராயப்பட்டன.

நவம்பர் 2000-இல் தீர்ப்பு வந்தது. பண்டக அறை மூடியை மாலுமிகள் இறுக்காமல் விட்டனர் என்னும் முடிவு தள்ளப்பட்டது. நீர் புகுந்த வழி வேறு. அணியத்துத் தளத்தில் நின்ற காற்றுப்போக்கிகளும் காற்றுக்குழாய்களும் அலைகளின் தொடர்ந்த அடியால் முறிந்தன. முறிந்த துளைகளின் வழியே பல மணி நேரம் நீர் இறங்கியது. கால் கிலோமீட்டர் பின்னால், இருட்டிலும் நீர்த்திவலைகளிலும், சுக்கான் அறையில் நின்றவர்களால் அதை அறிய இயலாது. அவ்வளவு நீளமான கப்பலின் முனை சிறிது தாழ்ந்தால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அணியத்தில் நீர் ஏறுவதை அறிவிக்கும் மணியும் அக்கப்பலில் இல்லை. அறிந்திருந்தாலும், அலைகள் புரளும் தளத்தில் எவனையும் முன்னால் அனுப்புவது கொலைக்கு ஒப்பாகும்.

முனை தாழத் தாழ, முதற் சரக்கறை மூடியின் மேல் விழும் அலைகளின் விசை ஏறியது. அம்மூடி, 1966-ஆம் ஆண்டுப் பன்னாட்டு மிதவைக் கோட்டு ஒப்பந்தம் விதித்த குறைந்த அளவு வலிமையைக் கொண்டிருந்தது. சதுர மீட்டருக்கு 1.75 டன் சுமை என்பதே முன்பகுதி மூடிகளுக்கு அவ்வொப்பந்தம் கொண்ட கணக்கு. சூறாவளிக் கடலுக்கு அது போதவில்லை. முதல் மூடி உள்ளே சரிந்தது. இவ்விடத்தில் தாதுவின் இயல்பையும் அறிய வேண்டும். இரும்புத் தாது மிகக் கனமானது. சரக்கறையில் அதன் ஒரு பகுதியை நிரப்பும்போதே கப்பல் தன் சுமையை எட்டிவிடும். மேலே எஞ்சிய இடம் எல்லாம் வெற்றிடம். மூடி உடைந்ததும் ஆயிரக்கணக்கான டன் நீர் அவ்வெற்றிடத்தில் புகுந்தது. முனை மேலும் தாழ, இரண்டாம் மூடி, மூன்றாம் மூடி என அடுத்தடுத்து உடைந்தன. அதன் பிறகு எல்லாம் நிமிடக் கணக்கு. அபயச் செய்தி ஏன் எழவில்லை என்னும் பழைய கேள்விக்கு இதுவே விடை.

ஒரு செய்தியை இங்கே நினைவுகூரலாம். கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைப் பலி கொடுப்பதை எதிர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போராடியவர் சாமுவேல் பிளிம்சால். கப்பலின் பக்கத்தில் வரையப்படும் சுமைக்கோடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் டார்பி நகரின் சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். அந்நகரைக் கொண்ட மாவட்டத்தின் பெயர் தாங்கிய கப்பல், அவர் வென்று தந்த கோட்டின் வழிவந்த விதிகளுக்கு உட்பட்டே மிதந்தது, உட்பட்டே மூழ்கியது. மரப்பலகை மூடிகளுக்கு மாற்றாக எஃகு மூடிகள் வந்துவிட்டன என்னும் நம்பிக்கையில், 1966-இல் பெருங்கப்பல்கள் முன்னிலும் ஆழ்ந்து மிதக்க இடமளிக்கப்பட்டது. மூடி எஃகாயிற்று, ஆனால் எவ்வளவு அலையைத் தாங்க வேண்டும் என்னும் கணக்கு கடலை ஒத்ததாக இல்லை. விதியை மீறியவர் எவருமில்லாமலே 44 பேர் இறந்தனர். கவனக்குறைவான ஒரு போசனைக் காட்டுவதைவிட இதனை ஒப்புக்கொள்வது அதிகாரத்தில் இருப்போருக்குக் கடினமானது என்பது சொல்லாமலே விளங்கும்.

குடும்பத்தினரின் பெருமையை விளக்கும் மற்றொன்றும் உண்டு. 65-ஆம் சட்டத்தில் முறிந்தே கப்பல் மூழ்கியது என்பது அவர்கள் பல ஆண்டுகள் ஏந்திய கொள்கை. அக்கொள்கையைச் சொல்லியே விசாரணை கேட்டனர்; அதற்காகவே பலர் அவர்களை ஆதரித்தனர். கடலடியில் கண்ட சான்றோ அதற்கு மாறாக இருந்தது. அமரம் மேற்பரப்பில் முறிந்து பிரிந்ததன்று, மூழ்கும்போது சிதைந்தது. 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அக்கொள்கையை ஏற்கவில்லை. தம் கருத்து வீழ்ந்ததற்காக அவர்கள் தீர்ப்பை வெறுக்கவில்லை. தம்மவர் மீது விழுந்த பழி நீங்கியதைப் பெரிதாகக் கொண்டனர். வழக்கில் வெல்ல வேண்டும் என்று போராடுபவர்க்கும் உண்மை வெளிவர வேண்டும் என்று போராடுபவர்க்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் தெரிகிறது.

தீர்ப்புக்குப் பின் விதிகள் மாறின. சரக்கறை மூடிகளின் வலிமைக் கணக்கு உயர்த்தப்பட்டது. அணியத்துத் தளத்தில் நிற்கும் குழாய்களும் காற்றுப்போக்கிகளும் வலுவாக அமைய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதி ஒன்று, மொத்தச் சரக்குக் கப்பல்களின் சரக்கறைகளிலும் முன்முனை அறைகளிலும் நீர் புகுந்தால் சுக்கான் அறையில் ஒலிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. மலாக்கா நீரிணையின் வழியே தாதுவும் நிலக்கரியும் ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்கள் இக்கருவியைத் தாங்கியே செல்கின்றன. அவற்றில் காவல் நிற்கும் பிலிப்பினோ மாலுமியோ இந்திய மாலுமியோ டார்பிஷயரின் பெயரைக் கேட்டறியாதவனாக இருக்கலாம்.

லிவர்ப்பூல் துறைமுகத்தின் முகப்பில், மாலுமிகளின் ஆலயம் என்று அந்நகரத்தார் அழைக்கும் தூய நிக்கோலஸ் ஆலயம் உள்ளது. அதன் தோட்டத்தில், கப்பல் மறைந்து 38 ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டார்பிஷயரில் மாண்டவர்களுக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதற்குள் காத்திருந்த தாய்மார்கள் பலர் காலமாகிவிட்டனர்.